‘தொலைந்துவிட்டது’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: நாங்கள் பதினேழு வருடமாக வடசென்னையில் சொந்த வீட்டில் இருக்கிறோம். (ஏரியா பெயரைப் போட வேண்டாம்.) கடந்த மூன்று மாதத்தில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் இரண்டு பைக் திருடு போனது. ஊருக்குப் போயிருந்தவர்கள் வீட்டுப் பூட்டை உடைத்து நகையை எடுத்துப் போனார்கள். போன மாதம் கல்லூரியில் படிக்கும் என் மகன் (19 வயது) பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வரும்போது, பைக்கில் வந்த இருவர் கையில் இருந்த செல்போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டேஷனுக்குப் போனோம். ‘பறித்தார்கள் என்று எழுதினால் பையன் கோர்ட்டுக்கு அலைய வேண்டும், தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள், உடனே ரசீது தருகிறோம்’ என்றார்கள். அப்படியே எழுதிக் கொடுத்தோம். இப்போது தெரு வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் யாராவது ஒரு போட்டோவைப் போட்டு ‘இவன்தான்’ என்கிறார்கள். போன வாரம் பழைய பேப்பர் பொறுக்கும் ஒரு பையனைப் பிடித்து வைத்து நான்கு பேர் அடித்தார்கள். வீட்டுக்கு 2,000 ரூபாய் வசூலித்துக் கேமரா போடலாம் என்கிறது சங்கம். வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாம் என்கிறார் கணவர். உண்மையிலேயே எங்கள் ஏரியாவில் குற்றம் கூடிவிட்டதா? கேமரா போட்டால் போதுமா? ரோந்தை அதிகப்படுத்தச் சொல்லி யாரிடம் கேட்பது?

பதில்: சகோதரி, உங்கள் மூன்று கேள்விக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அந்த ‘தொலைந்துவிட்டது’ மனு. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அதுதான், பூட்டு உடைத்த சம்பவம்கூட இல்லை.

நான் காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், பெரும்பாலான வருடங்கள் கிரைம் பக்கம்தான் வேலை பார்த்தேன். எஸ்.ஐ.யாக இருந்த காலத்தில் நானும் இப்படி எழுதி வாங்கியிருக்கிறேன். அதை மறைத்துக்கொண்டு உங்களுக்கு யோசனை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏன் அப்படிச் செய்தோம் என்றால், மாதா மாதம் கிரைம் மீட்டிங் நடக்கும், அதில் இன்ஸ்பெக்டரை எழுப்பி நிறுத்தி உங்கள் ஸ்டேஷனில் இத்தனை பறிப்பு வழக்கு, எத்தனை கண்டுபிடித்தீர்கள், எத்தனை ரிக்கவரி என்று கேட்பார்கள். பதிவு செய்தால் எண்ணிக்கை கூடும், கண்டுபிடிக்காவிட்டால் திட்டு விழும். பதிவே செய்யாவிட்டால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். இந்தக் கணக்கு மேலிருந்து கீழே வந்து, கடைசியில் ரைட்டர் மேஜைக்கு எதிரே நிற்கும் உங்களைப் போன்ற ஒருவரின் கையில் பேனாவைக் கொடுத்து ‘தொலைந்துவிட்டது’ என்று எழுத வைக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் தூக்கமில்லாதவர், அவ்வளவுதான். ஆனால் அதனால் நடக்கும் கெடுதல் உங்கள் தெருவுக்குத்தான்.

என்ன கெடுதல் என்றால், ஒரு ஏரியாவில் என்ன நடக்கிறது என்று போலீஸுக்குத் தெரிவது அந்தப் பதிவேட்டின் வழியாகத்தான். எந்த நேரத்தில் எந்த முனையில் ஆள் நிற்க வேண்டும், கிரைம் டீம் எங்கே மஃப்டியில் சுற்ற வேண்டும், மேலிடத்தில் இன்னும் நான்கு பேர் கேட்கலாமா, எல்லாமே அந்த எண்ணிக்கையைப் பார்த்து முடிவாகிறது. உங்கள் மகனிடம் போனைப் பறித்தது அந்தக் கணக்கில் இல்லை. அதே இடத்தில் அதே வாரத்தில் இன்னும் மூன்று பேர் பறிகொடுத்து, அவர்களும் ‘தொலைந்துவிட்டது’ என்று எழுதிக் கொடுத்திருந்தால், ஸ்டேஷன் கணக்கில் அது அமைதியான முனை.

நான் வேலை பார்த்த ஒரு ஸ்டேஷனில் இதைக் கண்ணால் பார்த்தேன். ரயில்வே சுரங்கப்பாதை முடியும் இடம் ஒன்று, ஆறு வாரத்தில் ஐந்து செல்போன் போயிருக்கிறது. இரண்டு தொலைந்த பொருள் மனு, இரண்டு சி.எஸ்.ஆர். (மனு வந்ததற்கான ரசீது) போட்டதோடு நின்றுவிட்டது, ஒன்றுதான் எஃப்.ஐ.ஆர். அந்த ஐந்தும் ஒரே கதை என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. புதிதாக வந்த ஒரு கான்ஸ்டபிள், மனு கொடுத்தவர்களுக்கு எல்லாம் போன் போட்டு எப்போது, எங்கே, வண்டி என்ன கலர் என்று கேட்டு ஒரு முழுத்தாளில் எழுதிக்கொண்டு வந்து வைத்தார். ஐந்தும் சாயங்காலம் ஆறரை மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில், ஐந்திலும் கறுப்பு வண்டி. அப்புறம் என்ன, இரண்டு பேரை அந்த நேரத்துக்கு அங்கே நிறுத்தினோம், நான்காவது நாள் பிடித்தோம். வண்டி அதே ஏரியாவில் இரண்டு மாதத்துக்கு முன் திருடு போனது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதத்திலும் முதலில் பைக் போயிருக்கிறது, பிறகுதான் செல்போன் பறிப்பு. இரண்டும் சம்பந்தப்பட்டது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் திருட்டு வண்டியில் வந்து பறிப்பது பழைய வழக்கம், நம்பர் பிளேட்டை வைத்துத் தேடினால் அப்பாவி ஒருவரின் வீட்டு வாசலில் போய் நிற்போம். அதனால் பைக் போன தேதிகளையும் பறிப்பு நடந்த தேதிகளையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள்.

சரி, இப்போது அந்த மனுவை எப்படிச் சரி செய்வது?

2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பறிப்புக்குத் தனிப் பிரிவு கிடையாது, திருட்டு என்று 379-இலோ கொள்ளை என்று 392-இலோ போடுவார்கள், எது என்பது எழுதுபவரைப் பொறுத்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 304 என்று தனிப் பிரிவே இருக்கிறது. கையில் இருப்பதைச் சட்டென்று பிடுங்கிக்கொண்டு ஓடினால் அது பறிப்பு, மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை. இது போலீஸ் தானாகவே வழக்குப் பதிந்து விசாரிக்க வேண்டிய குற்றம், ஜாமீனில் விட முடியாத பிரிவும்கூட. எளிய திருட்டில் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் புதிய சட்டத்தில் அதைக் கொஞ்சம் லேசாகப் பார்க்கும் வழி இருக்கிறது, போன் பழசு என்று சொல்லி உங்களை அந்தப் பக்கம் தள்ளப் பார்க்கலாம், அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். உங்கள் மகனுக்கு நடந்தது பறிப்பு.

உங்கள் மகனே புதிதாக ஒரு மனு எழுதட்டும். போன் அவருடையது, பார்த்தவரும் அவர்தான். தேதி, நேரம், எந்தக் கடைக்கு எதிரே, எந்தப் பக்கத்தில் இருந்து வந்தார்கள், எந்தப் பக்கம் போனார்கள், வண்டியின் நிறம், பின்னால் உட்கார்ந்தவன் என்ன சட்டை, போனின் ஐ.எம்.இ.ஐ. எண் (வாங்கிய பெட்டியிலும் பில்லிலும் பதினைந்து இலக்கத்தில் இருக்கும்), சிம் எண், இவ்வளவும் இருக்கட்டும். கூடவே ஒரு வரி: ‘முன்பு கொடுத்த மனுவில் தொலைந்ததாக எழுதியது, அங்கே சொன்னதன் பேரில் எழுதியது, உண்மையில் நடந்தது இது.’ யாரையும் குற்றம் சாட்ட வேண்டாம், பெயர் போட வேண்டாம், அந்த ஒரு வரி போதும். இதை ஸ்டேஷனில் கிரைம் இன்ஸ்பெக்டரை நேரில் பார்த்துக் கொடுங்கள். சென்னையில் சட்டம் ஒழுங்குக்கு ஒருவர், குற்றப்பிரிவுக்கு ஒருவர் என்று இரண்டு இன்ஸ்பெக்டர்கள் இருப்பார்கள், பலர் தவறான அறைக்குப் போய் மணிக்கணக்கில் காத்திருந்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். மட்டும் போட்டுக் கொடுத்தால் அதை எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துவிடாதீர்கள். சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்தது என்பதற்கான ரசீது. எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் வழக்கு எண் வரும், புலன் விசாரணை நடக்கும், கோர்ட்டுக்குத் தகவல் போகும். இந்த மாதிரிக் குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. புதிய நடைமுறைச் சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, பிரிவு 173), மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் முதலில் விசாரித்துப் பார்க்கலாம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதற்கும் மேல் அதிகாரியின் அனுமதி வேண்டும், 14 நாளில் முடிக்கவும் வேண்டும். ‘விசாரித்துக்கொண்டு இருக்கிறோம்’ என்று மாதக்கணக்கில் இழுப்பதற்கு அதில் இடம் இல்லை. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். பதிவு செய்ய மறுத்தால் அதே மனுவை விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) உங்கள் காவல் மாவட்டத் துணை ஆணையருக்கு அனுப்புங்கள், அதற்கும் அதே பிரிவில் வழி இருக்கிறது. அங்கேயும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட். பெரும்பாலும் துணை ஆணையருக்குத் தபால் போன பிறகு ஸ்டேஷனில் இருந்தே கூப்பிடுவார்கள்.

பையன் கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்று பயமுறுத்தியதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆள் பிடிபட்டு, வழக்கு விசாரணைக்கு வந்தால் சாட்சியாகப் போக வேண்டும், உண்மைதான். போன் திரும்பக் கிடைத்தால் அதை வாங்க ஒரு தடவை போக வேண்டியிருக்கும். அதை அலைச்சல் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். ஆனால் ஆள் பிடிபடாமல் உங்கள் மகன் கோர்ட்டுக்கு நடையாய் நடக்க வேண்டி வராது. அப்புறம், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் புதிய சட்டத்தில் இருக்கிறது, அதையும் கேட்கலாம்.

மனு நகலை வைத்துக்கொண்டு மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் சி.இ.ஐ.ஆர். பகுதியில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்து போனை முடக்குங்கள், இன்னும் செய்யவில்லை என்றால் இன்றைக்கே. 2023 மே மாதத்தில் இருந்து நாடு முழுக்க இது இருக்கிறது. யாராவது அதில் சிம் போட்டால் போலீஸுக்குத் தகவல் போகும்.

இனி உங்கள் முதல் கேள்வி. குற்றம் கூடிவிட்டதா?

மூன்று மாதத்தில் இரண்டு தெருவில் நான்கு சம்பவம் என்பது உங்களுக்கு நிச்சயமாக அதிகம்தான், பயப்படாதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் கூடிவிட்டது என்று சொல்ல, போன வருடம் இதே மாதங்களில் எவ்வளவு என்று தெரிய வேண்டும், அது உங்கள் குரூப்பில் யாருக்கும் தெரியாது. வாட்ஸ்அப்பில் ஒரே சம்பவம் மூன்று பேர் மூலமாக மூன்று சம்பவமாக வரும். வேறு ஊர் வீடியோவும் ‘நம்ம ஏரியா, ஜாக்கிரதை’ என்று வரும். 2025 மார்ச் 25 காலையில் தென்சென்னையில் நடந்தது ஞாபகம் இருக்கும், நடைப்பயிற்சிக்குப் போன பெண்களிடம் அடுத்தடுத்துப் பல இடங்களில் சங்கிலி பறித்துவிட்டு, அன்றைக்கே விமானம் ஏறித் தப்பப் பார்த்தவர்களை விமான நிலையத்திலேயே பிடித்தார்கள். அந்தச் செய்திக்குப் பிறகு பல வாரம் நகரம் முழுக்கப் பெண்கள் புடவைத் தலைப்பால் கழுத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். பயம் நியாயமானது. ஆனால் வெளி மாநிலத்தில் இருந்து வந்து ஒரு காலையில் கொள்ளையடித்துவிட்டுப் போகும் கும்பல் வேறு, உங்கள் தெரு முனையில் மாதக்கணக்காக நடக்கும் பறிப்பு வேறு. இரண்டாவது வகை பெரும்பாலும் பக்கத்து ஏரியாக்காரர்கள் செய்வது, சந்து பொந்து தெரிந்தவர்கள்.

அரசாங்கக் கணக்கைப் பார்த்தால் தெரியுமே என்பீர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் இப்போது வெளியிடும் ஆண்டறிக்கை 1953-ஆம் ஆண்டில் இருந்தே வருகிறது, ஆனால் அது எஃப்.ஐ.ஆர். கணக்கு, அதிலும் ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றம் இருந்தால் பெரிய குற்றத்தை மட்டும்தான் எண்ணுவார்கள். 2017-இல் ஐ.டி.எஃப்.சி. இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் டெல்லி, மும்பை, பெங்களூரு, சென்னை நான்கு நகரங்களில் வீடு வீடாகப் போய்க் கேட்டது. திருட்டுக் கொடுத்தவர்களில் எஃப்.ஐ.ஆர். வரை போனவர்கள் ரொம்பவும் குறைவு. இதில் கொஞ்சம் நம்பக்கூடியது வண்டித் திருட்டுக் கணக்கு, ஏனென்றால் எஃப்.ஐ.ஆர். இல்லாமல் இன்சூரன்ஸ் பணம் கிடைக்காது, அதனால் ஜனங்கள் விடாமல் நின்று பதிவு செய்துவிடுகிறார்கள். அதனால்தான் உங்கள் ஏரியா நிலவரம் தெரிய வேண்டுமானால், கடந்த ஒரு வருடத்தில் எத்தனை பைக் போயிருக்கிறது, எந்தத் தெருவில் என்று ஸ்டேஷனில் கேளுங்கள் என்பேன். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் எஃப்.ஐ.ஆர்.களைப் பார்க்கும் வசதி இருக்கிறது, சங்கத்தில் படித்த பிள்ளைகள் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

ரோந்து. இதுதான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கும் இடம்.

எல்லாச் சங்கங்களும் கொண்டு வரும் மனுவில் ஒரே வரிதான் இருக்கும், ‘ரோந்தை அதிகப்படுத்த வேண்டும்’. படித்துவிட்டு இன்ஸ்பெக்டர் சரி என்பார், இரண்டு நாள் ஜீப் சைரன் விளக்கோடு தெருவில் ஒரு சுற்றுப் போகும், பட்டா புத்தகத்தில் (ரோந்து வந்ததற்குக் கையெழுத்துப் போடும் புத்தகம்) கையெழுத்து விழும், மூன்றாவது நாள் பந்தோபஸ்துக்கு ஆள் போய்விடுவார்கள். பயன் இருக்காது, ஆள் இருந்தாலும்கூட இருக்காது. அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி என்ற நகரத்தில் 1972, 73-இல் ஒரு வருடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பதினைந்து பீட்களை (ரோந்துப் பகுதிகளை) மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கில் வழக்கமான ரோந்து, ஒரு பங்கில் இரண்டு மூன்று மடங்கு, ஒரு பங்கில் ரோந்தே இல்லை, கூப்பிட்டால் மட்டும் வருவார்கள். குற்றத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை, ரோந்து கூடியது குறைந்தது ஜனங்களுக்கே தெரியவில்லை. சும்மா சுற்றி வருவதில் பெரிய பலன் கிடையாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பலன் எதில் என்றால், இடத்தைக் குறிவைப்பதில். மினியாபொலிஸ் நகரத்தில் எண்பதுகளில் கணக்கெடுத்தபோது, போலீஸை அழைத்த அழைப்புகளில் பாதி, நூற்றுக்கு மூன்று முகவரிகளில் இருந்து மட்டுமே வந்திருந்தது. நம் ஊரும் அப்படித்தான், முப்பது வருடம் பார்த்தவன் சொல்கிறேன், ஒரு ஸ்டேஷன் எல்லையில் தொல்லை கொடுக்கும் முனைகள் ஏழெட்டுதான் இருக்கும், டாஸ்மாக் பக்கம், இருட்டான சந்து, ரயில்வே ஓரம், பாதியில் நின்ற கட்டடம். பிறகு அதே மினியாபொலிஸில் இப்படிப்பட்ட முனைகளில் போலீஸை நிறுத்திச் சோதித்தார்கள், அதைத் தொடர்ந்து பார்த்தவர்கள் இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள்: அப்படிப்பட்ட முனையில் போலீஸ் ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் நின்றாலே போதும், போன பிறகும் கொஞ்ச நேரத்துக்கு அந்த இடம் அடங்கியிருக்கும். அதற்கு மேல் நின்றால் கூடுதல் லாபம் குறைகிறது.

அதனால் உங்கள் மனுவில் ரோந்து என்ற வார்த்தையே வேண்டாம். ‘இந்த பஸ் ஸ்டாப்பில் இருந்து எங்கள் தெரு முனை வரை, சாயங்காலம் இத்தனை மணியில் இருந்து இத்தனை மணிக்குள், பீட் காவலர் தினமும் இரண்டு தடவை வண்டியை நிறுத்திக் கால் மணி நேரம் நிற்க வேண்டும்’ என்று எழுதுங்கள். அந்த நேரத்தை எப்படி முடிவு செய்வது? அதற்குத்தான் நான் முதலில் சொன்ன தாள். நான்கு சம்பவமும், இன்னும் உங்கள் குரூப்பில் வெளியில் சொல்லாமல் இருப்பவர்களின் சம்பவமும், தேதி, கிழமை, நேரம், இடம். வேண்டுமானால் தெருவின் படத்தைக் கையால் வரைந்து புள்ளி வையுங்கள். இப்படி ஒரு தாள் மேஜைக்கு வந்தால் எந்த இன்ஸ்பெக்டராலும் அதைத் தள்ளி வைக்க முடியாது, அவருடைய கிரைம் மீட்டிங்குக்கு அதுவே உதவும். உங்கள் பீட் காவலர் யார் என்று கேட்டு அவர் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். அவரிடம் அன்பாக இருங்கள், அவருக்கும் வேலை நேரம் என்று ஒன்று இல்லை.

பூட்டு உடைத்த வீட்டைப் பற்றி ஒன்று. ஒரு வீடு உடைக்கப்பட்டால் அடுத்த சில வாரங்களில் அதே வீட்டுக்கோ அக்கம்பக்கத்து வீட்டுக்கோ திரும்ப வரும் வாய்ப்பு மற்ற நேரத்தைவிட அதிகம், வந்தவனுக்கு வழி தெரிந்துவிட்டது. இங்கிலாந்தில் ராச்டேல் பக்கத்தில் கிர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பில் எண்பதுகளின் கடைசியில் இதை வைத்தே வேலை செய்தார்கள். உடைபட்ட வீட்டைச் சுற்றியிருந்த ஐந்தாறு வீட்டுக்காரர்களை மட்டும் அந்த வீட்டின் மேல் ஒரு கண் வைக்கச் சொன்னார்கள், அந்த வீட்டுப் பூட்டை பலப்படுத்தினார்கள், திருட்டு வெகுவாகக் குறைந்தது. ஊர் முழுக்கக் காவல் காக்க வேண்டியதில்லை. நம் தெருவில் இது தானாக நடக்கக்கூடிய காரியம், எதிர் வீட்டுப் பாட்டிக்குத் தெரியாமல் ஒரு ஈ உள்ளே போகாது. இப்போது எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு குரூப்பில் பேசுகிறோம். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சொல்லுங்கள், ஸ்டேஷனிலும் சொல்லுங்கள், பூட்டிய வீடுகளுக்கு என்று இரவு ரோந்தில் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. குரூப்பில் மட்டும் ‘குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பிட்டோம்’ என்று போட்டோ போடாதீர்கள்.

கேமரா போடுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சென்னையில் ‘மூன்றாவது கண்’ என்று 2017-க்குப் பிறகு தெருத்தெருவாகப் போட்டதில் எத்தனையோ வழக்கு துப்புத் துலங்கியது. ஆனால் கேமரா ஆளைப் பிடிக்க உதவும் அளவுக்கு, நடப்பதைத் தடுக்க உதவுவதில்லை. வெளிநாடுகளில் நடந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், வாகன நிறுத்தங்களில் குற்றம் பாதியாகக் குறைந்தது, மொத்தமாகப் பார்த்தால் 16 சதவீதம்தான் என்று சொன்னார்கள். அதே ஆய்வாளர்கள் தெருவிளக்கைப் பற்றிப் பார்த்ததில் 21 சதவீதம் குறைந்திருந்தது. ஆகவே வசூலிப்பதற்கு முன்னால் எரியாத விளக்கையெல்லாம் எண்ணி மாநகராட்சிக்கு 1913-இல் புகார் கொடுங்கள், அதற்குக் காசு வேண்டாம். மரக்கிளை விளக்கை மறைக்கிறதா என்றும் பாருங்கள்.

கேமராவை எங்கே மாட்டுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டாவது மாடி உயரத்தில் மாட்டினால் ஹெல்மெட்டின் உச்சிதான் தெரியும், இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போனவன் நான். தெருவுக்குள் நுழையும் முனையிலும் வெளியேறும் முனையிலும், நம்பர் பிளேட் தெரியும் உயரத்தில் ஒன்று, முகம் தெரியும்படி ஒன்று, இவ்வளவு போட்டால் போதும், நடுத்தெருவில் பத்து வேண்டியதில்லை. டி.வி.ஆரில் (கேமராவின் பதிவுப் பெட்டியில்) நேரம் சரியாக இருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை பாருங்கள், நாற்பது நிமிடம் தள்ளி ஓடும் கடிகாரத்தால் ஒரு வழக்கையே கோர்ட்டில் கேள்விக்கு உள்ளாக்குவார்கள். பதிவு எத்தனை நாள் தங்கும் என்று கடைக்காரரிடம் கேட்டு, முப்பது நாளாவது இருக்கும்படி வாங்குங்கள். பாஸ்வேர்டு செயலாளருக்கு மட்டும் தெரிந்து அவர் ஊருக்குப் போய்விட்டால் என்ன செய்வது, அதையும் யோசியுங்கள். பதிவைக் கோர்ட்டில் சாட்சியமாகக் காட்ட, புதிய சாட்சியச் சட்டம் பிரிவு 63-இன்படி ஒரு சான்று வேண்டும், யார் கையெழுத்துப் போடுவார் என்று சங்கத்தில் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். இன்னொன்று, அடுத்தவர் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேமரா இருக்கக் கூடாது, அந்தச் சண்டை திருட்டைவிடப் பெரிதாகிவிடும்.

அந்தப் பேப்பர் பொறுக்கும் பையன்.

இதை எழுதும்போது கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், உங்கள் மேல் இல்லை, நீங்கள் வருத்தப்பட்டுத்தான் எழுதியிருக்கிறீர்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பிய ஒரு குடும்பம் வழியில் காரை நிறுத்திக் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஊரே கூடி அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் செத்துப் போனார். சென்னையில் இருந்து போனவர்கள் அவர்கள். அதற்கு முந்தைய நாட்களில் எல்லாம் செல்போனில் வந்தது வதந்தி, வேறொன்றும் இல்லை. உங்கள் தெருவில் அடித்த நான்கு பேருக்கும் அந்தப் பையன் யார் என்று தெரியாது, போட்டோ எங்கிருந்து வந்தது என்றும் தெரியாது. குற்றம் நடப்பதை நேரில் பார்த்துப் பிடித்தால் பொதுமக்கள் ஒருவரைப் பிடித்து வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, அதுவும் கடுமையான குற்றத்தில் மட்டும், பிடித்தால் தாமதம் இல்லாமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் (அதே நடைமுறைச் சட்டம், பிரிவு 40). அடிக்க எங்கேயும் இடம் கொடுக்கவில்லை. அடித்த நான்கு பேர் மேலும் வழக்கு வரும், அடிபட்டவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் கொலை வழக்காகும்.

நடைமுறையாகவும் சொல்கிறேன். விடியற்காலை நான்கு மணிக்கு உங்கள் தெருவில் விழித்திருப்பவர்கள் யார்? பேப்பர் பொறுக்குபவர், பால் போடுபவர், தெரு கூட்டும் அக்கா, ஆட்டோவில் படுத்திருப்பவர். எனக்குத் துப்புக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் இவர்கள்தான். அடித்துத் துரத்திய பிறகு அந்தப் பையன் எதைப் பார்த்தாலும் உங்களிடம் வந்து சொல்ல மாட்டான். குரூப் அட்மினிடம் பேசி, முகம் தெரியும் போட்டோ போடக் கூடாது என்று ஒரு விதி வைக்கச் சொல்லுங்கள். சந்தேகம் என்றால் 112 அல்லது 100. அந்தப் பையன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால், காயத்துக்கு வைத்தியம் பார்த்தானா என்று யாராவது போய்க் கேட்க வேண்டும். நீங்கள் கேட்பீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது.

வீட்டை விற்பதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பதினேழு வருடத்துப் பழக்கத்தை மூன்று மாதத்துச் சம்பவங்களுக்காக விற்க வேண்டாம் என்பது என் எண்ணம். போகும் இடத்தில் எதிர் வீட்டுக்காரர் பெயர் தெரியவே இரண்டு வருடம் ஆகும்.

கடைசியாக உங்கள் மகன். கடிதத்தின் அடியில் ‘இப்போது அவன் அந்த வழியாக வருவதே இல்லை, சுற்றி வருகிறான், யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை’ என்று ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். பறிகொடுத்த பையன்கள் பலர் இப்படி ஆவதைப் பார்த்திருக்கிறேன், போனைவிட, துரத்திப் பிடிக்க முடியவில்லையே என்பதுதான் அவர்களைத் தின்னும். துரத்தாமல் விட்டதுதான் சரி என்று அவரிடம் சொல்லுங்கள், நான் சொன்னதாகவும் சொல்லுங்கள், துரத்திப் போய்க் கத்திக் குத்து வாங்கியவர்களிடம் ஆஸ்பத்திரியில் போய் வாக்குமூலம் எழுதியவன் நான். ஸ்டேஷனுக்குப் போகும்போது நீங்கள் கூட இருங்கள், ஆனால் அவரே பேசட்டும். அந்தத் தாளில் தேதிகளையும் நேரங்களையும் எழுதும் வேலையையும் அவரிடமே கொடுங்கள், அவர் வயதுப் பிள்ளைகளுக்குத்தான் யாருக்கெல்லாம் என்ன நடந்தது என்று தெரியும், நம்மிடம் சொல்ல மாட்டார்கள். அவர் எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், மனுவை எப்படி அமைப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.